மொச்சை விழுங்கிய ஆணி

ஒரு காடு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நான்கு புங்கமரமும் ஒரு குட்டையுமாக மிஞ்சிய இடத்தில் தவமணி என்ற பெண் குடியிருந்தாள். அவள் மூன்று வாத்துகளை வளர்த்தாள். விற்பதற்காக அல்ல. காலையில் கதவைத் திறந்ததும் ‘குவாக்’ என்று யாராவது கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஒவ்வொரு குஞ்சும் வந்த நாளில் வீட்டில் என்ன சமையலோ, அதையே பெயராக வைத்தாள். அதனால் மூத்தவளுக்கு மொச்சை என்று பெயர். அடுத்தவன் பூசணி. கடைசியாக வந்தவள் அவல்.

பூசணிக்கு எந்நேரமும் பசி. அவலுக்குச் சொந்தமாக ஒரு யோசனையும் கிடையாது. முன்னால் போகிறவர் செய்வதை அப்படியே செய்வாள். மொச்சைக்கு இருந்தது பொறுப்பு. அதை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. முன்பு ஒரு நாள் கீரி ஒன்று வேலிக்குள் நுழைந்து அவளுடைய தங்கையைக் கவ்விக்கொண்டு போனது. அன்றைக்குத் தூக்கிய தலையை மொச்சை அப்புறம் இறக்கவே இல்லை.

குழந்தைகளே, காவல் காப்பது என்றால் லேசான வேலை இல்லை. மற்ற இரண்டு பேரும் தவிட்டுத் தட்டில் மூக்கைப் புதைத்துத் தின்னும்போது மொச்சை மட்டும் கழுத்தை நீட்டி வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் நீந்தும்போது கரையில் நிற்பாள். அவர்கள் கூண்டுக்குள் போன பிறகுதான் உள்ளே போவாள். விடிந்தால் முதலில் வெளியே வருவதும் அவள்தான்.

“அக்கா, நீ சாப்பிடவில்லையா?” என்று அவல் கேட்பாள்.

“நீங்கள் சாப்பிடுங்கள். நான் பிறகு சாப்பிடுகிறேன்” என்பாள் மொச்சை.

பிறகு பார்த்தால் தட்டில் ஒன்றும் இருக்காது. பூசணி தட்டின் ஓரத்தை வழித்துக்கொண்டிருப்பான்.

அந்த ஆண்டு மழைக்கு முன்னால் வாத்துக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட இரண்டு ஆட்கள் வந்தார்கள். இரண்டு நாள் டங் டங் என்று ஓயாத சத்தம். பழைய தகரத்தைப் பிடுங்கியபோது ஆணிகள் தெறித்தன. புதுத் தகரத்தை முடுக்கியபோது வாஷர்கள் உருண்டன. கம்பி வெட்டிய துண்டுகள் அங்கங்கே விழுந்தன. வேலை முடிந்ததும் ஆட்கள் மேலாகக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணுக்குள் போனது மண்ணிலேயே கிடந்தது.

மறுநாள் மழை வந்து மண்ணைக் கழுவியது. கொட்டகை ஓரத்துச் சேறு முழுக்க மினுக் மினுக்கென்று மின்னியது.

வாத்துக்குப் பல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கும். அந்தக் கற்கள் வயிற்றுக்குள் இருந்துகொண்டு, உண்ட இரையை அரைத்துக் கொடுக்கும். அதனால் கல் மாதிரி, மீன் மாதிரி, தானியம் மாதிரி எது தெரிந்தாலும் வாத்து முதலில் விழுங்கும், யோசனையெல்லாம் அப்புறம்தான்.

“அடேயப்பா, எத்தனை மீன் குஞ்சுகள்!” என்று பூசணி ஓடினான்.

மொச்சை குறுக்கே பாய்ந்து நின்றாள். “மீன் இல்லை பூசணி. அது ஆணி. இரும்பு.”

“தின்றால் என்ன ஆகும்?”

“என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நல்லது ஆகாது. கொட்டகைப் பக்கம் யாரும் மேயக் கூடாது. மின்னுகிற எதையும் வாயில் வைக்கக் கூடாது. புரிந்ததா?”

“ஒன்றே ஒன்று?”

“பூசணி!”

“சும்மா கேட்டேன்” என்று அவன் முனகிக்கொண்டே திரும்பினான். அவலும் அதேபோல் முனகிக்கொண்டே திரும்பினாள்.

அன்று பகல் முழுவதும் மொச்சை அந்தச் சேற்றைக் காவல் காத்தாள். பூசணி இந்தப் பக்கம் வந்தால் விரட்டினாள். அந்தப் பக்கம் சுற்றி வந்தால் அங்கேயும் ஓடி விரட்டினாள். அவன் பின்னாலேயே வந்த அவலையும் விரட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் அவளுக்குக் கழுத்து இற்றுவிடும் போல இருந்தது. காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

மற்ற இருவரும் குட்டைக்கு இறங்கிவிட்டார்கள். மொச்சை தனியாக நின்றாள். ‘ஒரு நத்தை கிடைத்தால்கூடப் போதும்’ என்று நினைத்தாள். நின்ற இடத்திலேயே அலகைச் சேற்றில் விட்டாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அலகு மட்டும் பழக்கத்தில் சலசலவென்று சேற்றைச் சலித்தது. ஏதோ ஒன்று அகப்பட்டது. விழுங்கினாள்.

அது நத்தை இல்லை. நீளமாக, சில்லென்று, தொண்டையை உரசிக்கொண்டு இறங்கியது.

மொச்சைக்குத் தூக்கம் கலைந்தது. தலையைக் கவிழ்த்து உதறினாள். இருமிப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துக் கொப்பளித்தாள். போனது போனதுதான்.

உடனே திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை.

‘காலையிலிருந்து தொண்டை வறள நான் சொன்னது இதைத்தானே? பூசணிக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நாளைக்கு நான் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? சின்ன ஆணிதான். கல்லோடு கல்லாகக் கிடந்து தேய்ந்துபோகும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எதுவும் நடக்காதது போலக் குட்டைக்குப் போனாள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கூண்டிலிருந்து இறங்கியபோது இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. ஊன்றினால் அடிவயிற்றிலிருந்து ஒரு குத்து கிளம்பிக் கால் வழியாக இறங்கியது. நான்கு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா நொண்டுகிறாள்! என்ன ஆச்சு அக்கா?” என்று அவல் கத்தினாள்.

மொச்சை வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் பூசணி தவிட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடிவந்து எதிரே நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வேறு சொல் வந்தது.

“முள்” என்றாள்.

“எங்கே குத்தியது?”

“அங்கே... புங்கமரத்து வழியில்.”

ஒரு சின்னப் பொய். அதைச் சொல்லி முடித்ததும் அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

தவமணி வந்து மொச்சையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கில் இருந்த தோலை விரித்துப் பார்த்தாள். “முள்ளும் இல்ல, வீக்கமும் இல்ல. எதுக்குடி நொண்டுற?” என்று கேட்டாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவினாள். மஞ்சளை இழைத்துப் பூசி, பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். மஞ்சள் கட்டின இடத்தில் மொச்சைக்கு எந்த வலியும் இல்லை. வலித்த இடத்தை யாரும் தொடவில்லை.

குட்டையில் ஒரு கொக்கு இருந்தது. நாள் முழுக்க ஒற்றைக்காலில் நின்று நின்று, கால் விஷயம் என்றால் தன்னைவிடத் தெரிந்தவர் கிடையாது என்று அது முடிவு செய்திருந்தது. எல்லோரும் அதைக் கொக்கு வைத்தியர் என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடாவிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

வைத்தியர் வந்தார். மொச்சையின் காலை இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

“இது முள் நோய். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு காலையும் ஒரே நேரத்தில் உபயோகிப்பதால் வருகிற நோய்” என்றார்.

“என்ன செய்ய வேண்டும், ஐயா?” என்று அவல் கேட்டாள்.

“நான் செய்வதைச் செய்ய வேண்டும். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கட்டும். எனக்கு என்றைக்காவது கால் வலி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?”

யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் மொச்சை தண்ணீரில் இறங்கி ஒற்றைக்காலில் நின்றாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவலும் ஒற்றைக்காலில் நின்றாள். மொச்சை இரண்டு தடவை சாய்ந்து விழுந்தாள். இரண்டு தடவையும் எழுந்து மறுபடி நின்றாள். பொய் சொன்னவள் மருந்தையும் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உச்சிப்பொழுதில் கரையேறியபோது நான்கு எட்டுகூட நடக்க முடியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் முருங்கை என்ற வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. அது எதையும் தின்னும். தின்றதை யாரிடமும் மறைக்காது. வேலி இடுக்கில் தலையை நுழைத்து மொச்சையை வெகுநேரம் பார்த்தது.

“காலை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வயிறு எப்படி இருக்கிறது?” என்று கேட்டது.

மொச்சை வேறு பக்கம் திரும்பினாள். “வயிற்றுக்கு என்ன? நன்றாகத்தான் இருக்கிறது.”

“எச்சம் பச்சையாகப் போகிறதே.”

“புல் தின்றேன்.”

“நீ எதையும் தின்று நான் பார்க்கவே இல்லை” என்றது முருங்கை. “சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் நான் ஒரு பால் கவரைத் தின்றேன். பாதிச் செருப்பைத் தின்றேன். யாரோ காயப்போட்ட துண்டின் கரையையும் தின்றேன். வயிறு உப்பிக்கொண்டதும் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு எண்ணெய் புகட்டி எழுப்பிவிட்டார்கள். சிரிப்பு ஒரு நாள்தான் இருந்தது.”

“எனக்கு முள்தான் குத்தியது” என்றாள் மொச்சை.

“சரி, முள்தான்” என்று சொல்லிவிட்டு முருங்கை தலையை வெளியே இழுத்துக்கொண்டது. மொச்சை கொட்டகைக்குள் போய் வைக்கோலில் படுத்தாள். அடுத்த இரண்டு நாளும் அங்கேயே கிடந்தாள். தவமணி கஞ்சியை அலகில் ஊற்றினால் இரண்டு வாய் குடிப்பாள். தலை தானாகத் தொங்கும். கண்ணை மூடினாலும் ஓய்வு வரவில்லை. ‘வேலியை யார் பார்க்கிறார்கள்? கதவு சாத்தியிருக்கிறதா?’ என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் படுத்திருந்த அந்த இரண்டு நாளில் வெளியே நடந்ததைக் கேளுங்கள்.

பூசணிக்குப் பசித்தது. வழக்கமாக அவர்கள் நத்தை பொறுக்குவது புங்கமரத்து வழியில்தான். அங்கேதான் முள் இருக்கிறது என்று மொச்சை சொல்லிவிட்டாளே!

“புங்கமரத்துப் பக்கம் போகக் கூடாது” என்றான் பூசணி.

“கொட்டகைப் பக்கமும் போகக் கூடாது என்று அக்கா சொன்னாளே” என்றாள் அவல்.

பூசணி யோசித்தான். அவன் யோசிப்பது அபூர்வம். யோசித்தால் விடமாட்டான்.

“இதோ பார் அவல். ஆணியால் யாராவது நொண்டினார்களா?”

“இல்லை.”

“முள்ளால் நொண்டினார்களா?”

“அக்கா நொண்டுகிறாள்.”

“அப்படியானால் எது ஆபத்து? கண்முன்னால் தெரிகிறதே! அக்கா ஆணிக்குப் பயந்தாள், முள்ளில் மாட்டிக்கொண்டாள். வா, கொட்டகைப் பக்கம் மேயலாம்.”

அவன் முன்னால் போனான். அவல் பின்னால் போனாள். பூசணி பளபளவென்று ஒரு கம்பித் துண்டைக் கவ்வினான். அது அவன் அலகில் குறுக்காக மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு நாழிகை தலையை உதறி உதறி, கடைசியில் அது தெறித்து விழுந்தது. “வேண்டாம்ப்பா, நத்தையே போதும்” என்று அவன் வேறு பக்கம் திரும்பிவிட்டான். அவனைக் காப்பாற்றியது புத்தி இல்லை. அந்தக் கம்பியின் நீளம்.

அவன் கவ்வியதை அவல் பார்த்தாள். உடனே தானும் சேற்றில் அலகை விட்டாள். அவன் உதறியதை அவள் பார்க்கவில்லை. நடுவில் ஓட்டை போட்ட இரண்டு வாஷர்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினாள். வழுக்கிக்கொண்டு போயின.

மூன்றாம் நாள் பிற்பகல் கொட்டகை வாசலில் நிழல் ஒன்று ஆடியது. மொச்சை கண்ணைத் திறந்தாள். அது அவல். இரண்டு காலும் துவண்டு, இறக்கையைத் தரையில் ஊன்றி ஊன்றி நகர்ந்து உள்ளே வந்தாள்.

“அக்கா, எனக்கும் உன்னைப் போலவே ஆகிவிட்டது” என்றாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “எனக்கும் முள் குத்திவிட்டது போலிருக்கிறது.”

மொச்சை தலையைத் தூக்கினாள். “புங்கமரத்து வழியில் போனாயா?”

“அங்கே யார் போவார்கள்? அங்கேதான் முள் இருக்கிறதே! நாங்கள் கொட்டகைப் பக்கம்தான் மேய்ந்தோம்.”

“கொட்டகைப் பக்கமா?” மொச்சை அவள் பக்கம் நகர்ந்தாள். “அங்கே என்ன தின்றாய்? உண்மையைச் சொல்.”

“வட்டமாக இரண்டு” என்றாள் அவல். அவளுக்கு மறைக்கத் தெரியாது. “ஏன் அக்கா? ஆணியால் ஒன்றும் ஆகாது என்று பூசணி அண்ணன் சொன்னான். உனக்குக்கூட முள்ளால்தானே இப்படி ஆனது?”

 கீரி வந்த நாளில்கூட மொச்சைக்கு இப்படி இருந்ததில்லை. கீரிக்கு வேலியைத் திறந்துவிட்டது அவள் இல்லை. இதற்கு வழியைக் காட்டியது அவள்தான்.

எழுந்தாள். அடிவயிற்றில் குத்தியது. குத்தட்டும் என்று வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பூசணி! இங்கே வா. முருங்கை, நீயும் வா!”

பூசணி வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கை வந்து நின்றது. குட்டைக் கரையில் கொக்கு வைத்தியர் கழுத்தை மட்டும் திருப்பினார்.

“எனக்கு முள் குத்தவில்லை. புங்கமரத்து வழியில் முள்ளே கிடையாது. நான் ஆணியை விழுங்கினேன்” என்றாள் மொச்சை.

பூசணி ஓர் எட்டு நெருங்கி வந்தான். 

“நீயா?” என்றான் பூசணி. “பகல் முழுக்க எங்களை விரட்டினாயே, அந்த நீயா?”

“அன்றைக்குத்தான். சாயங்காலம். நீங்கள் குட்டைக்குப் போன பிறகு.”

“பிறகு ஏன் முள் என்றாய்?”

“நீ சிரிப்பாய் என்று.”

பூசணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவன் துவண்டு கிடந்த அவலைப் பார்த்தான். “நான்தானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்” என்று மெதுவாகச் சொன்னான். “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேனே, அக்கா.”



“சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்” என்றது முருங்கை. “வயிற்றில் இருப்பதை எடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. மனிதர்களால்தான் முடியும். தவமணிக்குத் தெரிய வேண்டும்.”

“அவளிடம் எப்படிச் சொல்வது? நாம் பேசினால் அவளுக்குக் குவாக் என்றுதானே கேட்கும்” என்றாள் மொச்சை.

முருங்கை ஒரு இலையை மென்றது. மென்று முடித்துவிட்டுச் சொன்னது: “இன்னும் கொஞ்ச நேரத்தில் தவிடு போட வருவாள். அந்தத் தட்டு நிறைய ஆணி கிடந்தால் அவளுக்கே புரியும்.”

“நான் எடுத்துவருகிறேன்” என்று பூசணி கிளம்பினான். இரண்டு எட்டு வைத்து நின்றான். “வேண்டாம். வாயில் ஒன்று வந்தால் எனக்கு விழுங்காமல் இருக்கத் தெரியாது” என்றான். தன்னைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

மொச்சை தானே போனாள். ஒரு ஆணியை அலகு நுனியில் கவ்வினாள். தலையைத் தாழ்த்தி, அது உள்ளே நழுவிவிடாதபடி, ஒற்றைக்காலால் தத்தித் தத்தித் தட்டு வரைக்கும் கொண்டுவந்து போட்டாள். டிங் என்றது. திரும்பிப் போனாள். இரண்டாவது ஆணி. டிங். மூன்றாவதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. எழ வேண்டும் என்றும் தோன்றவில்லை.

முருங்கை குட்டைப் பக்கம் திரும்பியது. “கொக்கு வைத்தியரே!” என்று கூப்பிட்டது.

“ஆணி பொறுக்க என்னைக் கூப்பிடாதே. நான் வைத்தியன்” என்றார் அவர்.

“ஐயோ, ஆணி பொறுக்கவா? உங்களையா? நீங்கள் கண்டுபிடித்தது சரிதான் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். முள் நோய் என்றீர்களே, முள்ளேதான். ஆனால் இரும்பு முள். அது காலில் ஏறுவதற்கு முன்னால் சேற்றில்தான் குடியிருக்கிறது. இந்தக் குட்டையில் அதைப் பார்த்துப் பிடுங்குகிற அளவுக்கு நீளமான அலகு ஒரே ஒரு வைத்தியருக்குத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வயதாகிவிட்டது. குறி தப்பும்.”

“குறி தப்புமா? எனக்கா?” என்று கொக்கு வைத்தியர் இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்தார். “இரும்பு முள் என்று நான் அன்றைக்கே நினைத்தேன். நீங்கள் பயப்படுவீர்களே என்றுதான் சொல்லவில்லை.”

பறந்து வந்து சேற்றில் இறங்கினார். குத்தினார், எடுத்தார். குத்தினார், எடுத்தார்.

“பிடுங்கிய முள்ளை எங்கே வைப்பது?”

“பெரிய வைத்தியர்கள் தட்டில்தான் வைப்பார்கள்” என்றது முருங்கை.

டிங். டிங். டிங். மீன் பிடிக்கிற அலகு. கவ்வியதில் ஒன்றைக்கூட நழுவவிடவில்லை, ஒன்றையும் விழுங்கவும் இல்லை. தவமணி தவிட்டுச் சட்டியோடு வந்தபோது தட்டில் துருப்பிடித்த ஆணியும் வாஷரும் கம்பியுமாகக் குவிந்து கிடந்தன. சேற்றில் மொச்சையும், கொட்டகை வாசலில் அவலும் கழுத்தைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார்கள்.

அவள் தட்டைப் பார்த்தாள். வாத்துகளைப் பார்த்தாள். மறுபடியும் தட்டைப் பார்த்தாள். தவிட்டுச் சட்டி கையிலிருந்து நழுவியது.

“அடப்பாவிகளா, இதையா தின்னீங்க? நான் காலுக்கு மஞ்சள் போட்டுட்டு இருந்தேனே!”

சிந்திய தவிட்டைப் பூசணிகூடத் தொடவில்லை.

தவமணி இரண்டு பேரையும் ஒரு கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, ஆட்டோ பிடித்து டவுனில் இருக்கும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் கூடை குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மொச்சைக்கு உள்ளே குத்தியது. அவல் அவள் மேல் சாய்ந்து கிடந்தாள்.

“அக்கா, இதை எடுத்துவிடுவார்களா?”

“தெரியாது அவல்.”

“உனக்கு எப்போதும் தெரியுமே.”

“இல்லை. தெரிந்த மாதிரி இருப்பேன்” என்றாள் மொச்சை.

ஆஸ்பத்திரியில் குளிர்ந்த மேஜை ஒன்றில் அவர்களைப் படுக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தவமணிக்குக் காட்டினார். மொச்சையின் படத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அவலின் படத்தில் வெள்ளையாக இரண்டு வளையம்.

“கால்ல ஒண்ணுமே இல்லம்மா” என்றார் டாக்டர். “பெருசு முழுங்கினது ஆணி. இரைப்பையைக் குத்திட்டு வெளிய எட்டிப் பார்க்குது. அந்தப் பக்கம் காலை ஊனும்போதெல்லாம் குத்தும். சின்னதுக்கு வேற மாதிரி. இந்த வாஷர் உள்ள கரைஞ்சு ரத்தத்துல விஷமா ஏறுது. அதான் காலு துவளுது. இன்னும் நாலஞ்சு நாள் விட்டிருந்தீங்கன்னா ரெண்டுமே தங்கியிருக்காது.”

“இப்ப தங்குமா டாக்டர்?”

“சின்னது தங்கிடும். பெருசு ரொம்ப எளைச்சிருக்கு. பார்ப்போம்.”

அவலுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். இரண்டு வாஷரும் வெளியே வந்து விழுந்தன. விஷத்தை முறிக்க ஊசி போட்டார்கள். மொச்சைக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கீறினார்கள். மயக்கம் வரும்போது, ‘கூண்டுக் கதவு...’ என்று ஒரு நினைப்பு எழுந்தது. அது பாதியிலேயே அறுந்துபோனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மொச்சை எதையும் காவல் காக்காமல் தூங்கினாள்.

அவல் ஐந்தாம் நாளே நடந்தாள். மொச்சை பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஆணி போய்விட்டது, காயம் ஆறிவிட்டது. ஆனால் இடது கால் பழையபடி வரவில்லை. “கொஞ்சம் நொண்டல் இருக்கத்தான் செய்யும். நாள்பட்டுப்போச்சு” என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாளே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

தவமணி ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொட்டகைச் சேறு முழுக்க இழுத்து இழுத்துப் பார்த்திருந்தாள். கொக்கு வைத்தியர் விட்டதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. தாம் விட்டது இத்தனையா என்று யாரும் கேட்காதபடி வைத்தியர் சில நாள் குட்டையின் மறுகரையிலேயே மீன் பிடித்தார்.

பூசணி மொச்சையிடம் சரியாகப் பேசவில்லை. அவனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அன்று பொழுது சாயும் நேரம், தவிட்டுத் தட்டின் முன்னால், அவளைப் பார்க்காமலே கேட்டான்:

“வேறு ஏதாவது விழுங்கியிருக்கிறாயா? இருந்தால் இப்போதே சொல்லிவிடு.”

மொச்சை யோசித்தாள். “போன வருஷம் ஒரு பொத்தான்” என்றாள். “அது தானாகவே போய்விட்டது.”

பூசணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரித்ததால் அவலும் சிரித்தாள். தன்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை மொச்சை கேட்டுக்கொண்டு நின்றாள். அது அவள் பயந்த அளவுக்கு இல்லை.

“எனக்கு முடியவில்லை, பூசணி” என்றாள். “ரொம்ப நாளாகவே முடியவில்லை.”

பூசணி சிரிப்பை நிறுத்தினான். தட்டைப் பார்த்தான். தவிடு முக்கால் தட்டு இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். வேலிப் பக்கம் திரும்பி, தன் குட்டையான கழுத்தை முடிந்த மட்டும் நீட்டிக்கொண்டு நின்றான். காவலுக்கு நிற்பது அவனுக்குப் பழக்கமில்லை. தட்டுப் பக்கமே கண் ஓடியது. ஆனாலும் நின்றான்.

மொச்சை தட்டில் அலகை வைத்தாள். வயிறு நிறையும் வரைக்கும் தலையைத் தூக்காமல் தின்றாள். பிறகு நொண்டிக்கொண்டே போய், மற்ற இருவரும் வருவதற்கு முன்னால், வெயில் இன்னும் கூண்டு வாசலில் கிடக்கும்போதே உள்ளே நுழைந்து, அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

நீதி: செய்த தவறை மறைத்து வைத்தால், அதே தவறைத் தெரியாமல் செய்ய இன்னொருவர் வந்துவிடுவார்.